கணக்கு யாருடைய சொத்து?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் ஒவ்வொரு முறையும் மூன்று கதைகள் எங்கள் காதில் விழும். "யாழ்ப்பாணத்தான்ர மூளை கணக்கு மூளை" என்பது ஒன்று. "சோனகப் பிள்ளையளுக்கு வியாபாரம் வரும், கணக்குப் பாடம் வராது" என்பது இன்னொன்று. "தீவுப் பிள்ளையள் இவ்வளவுதான்" என்பது மூன்றாவது. மூன்றையும் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வகுப்பறையில் இருக்கும் பிள்ளை இதைக் கேட்டுத்தான் வளர்கிறது. அதனால் இந்த மூன்று கதைகளையும் இருநூறு வருட வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தோம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி இருந்தது. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என்று பின்னங்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். நெல் அளக்கவும் காணி பிரிக்கவும் அது போதும். பள்ளிக்கூடக் கணிதம் என்று நாம் இன்று சொல்வது அமெரிக்க மிஷனரிகளுடன் வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் செமினரியைத் தொடங்கினார்கள். கேத்திரகணிதம், அட்சரகணிதம், வானவியல் எல்லாம் அங்கே பாடமாக இருந்தன. அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் பீசகணிதத்தைத் தமிழ்ப் புத்தகமாகவே எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். ஒருவர் இவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

மிஷனுக்குப் போட்டியாக 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு இந்துக் கல்லூரிகள் எழுந்தன. ஒரு சின்னக் குடாநாட்டில் இரண்டு பக்கமும் போட்டி போட்டுப் பள்ளிக்கூடம் கட்டியதால், தீவின் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே பள்ளிகள் நெருங்கி அமைந்தன. "கணக்கு மூளை" என்று நாம் சொல்வதன் அத்திவாரம் அதுதான். மண்ணும் தண்ணீரும் குறைந்த இடத்தில் உத்தியோகம் ஒன்றே பிழைக்கும் வழி என்பதால் தாய் தகப்பனும் பிள்ளையை விடாமல் அனுப்பினார்கள்.

அந்தப் பள்ளிக்கூடங்களுக்குள் யார் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பலருக்கு வாசலே இல்லை. போன பிள்ளையும் நிலத்தில் இருக்க வேண்டியிருந்தது. 1920களின் இறுதியில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்த வேண்டும் என்று அரசு சொன்னபோது, அதை எதிர்த்து ஊர்கள் கொதித்தன. உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு 1824 இலேயே விடுதிப் பாடசாலை வந்துவிட்டது. ஆனாலும் பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்ற கேள்வி நூறு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தது. தீவுப் பிள்ளைக்கு நடுவில் கடல் இருந்தது.

முஸ்லிம் பிள்ளையும் வெளியேதான் நின்றது. மிஷன் பள்ளிக்குப் போனால் மார்க்கம் போய்விடும் என்ற பயம் பெற்றோருக்கு இருந்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது, அங்கே வேதப் பாடம் கட்டாயம். ஆனால் விலை பெரிதாக இருந்தது. கடையில் நின்று மனக்கணக்கில் எவரையும் வெல்லக்கூடிய பையன் பரீட்சைத் தாளைக் கண்ணாலே காணாமல் வளர்ந்தான். கண்டியில் சித்திலெப்பை இதைப் பார்த்து நொந்தார். 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி, படியுங்கள் படியுங்கள் என்று எழுதினார். 1892 இல் கொழும்பில் அவரும் நண்பர்களும் தொடங்கிய மத்ரஸாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரி ஆனது. வட்டுக்கோட்டை 1823, ஸாஹிரா 1892. இடையில் 69 வருடம். இரண்டு சமூகங்களின் புள்ளிகளை ஒப்பிடும்போது இந்த 69 ஐ யாரும் கழித்துப் பார்ப்பதில்லை.

கணக்கு முஸ்லிம்களுக்கு அந்நியமானது என்று யாராவது சொன்னால் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். அல்ஜிப்ரா என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மியின் புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்தது. அந்தப் புத்தகத்தில் பெரும் பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீடு பற்றியது. அரை, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று என்று குர்ஆன் சொல்லும் பங்குகளைப் பிழையில்லாமல் பிரிக்க வேண்டிய தேவை அதில் இருந்தது. நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் கணக்கிடும் சமூகத்துக்குச் சதவீதம் தெரியாது என்பது நம்பக்கூடிய கதையா?

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடமே இதற்குச் சாட்சி உண்டு. ஏ. எம். ஏ. அஸீஸ் 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான், 1935 இல். யுத்த காலத்தில் கல்முனைக்கு உத்தியோகமாகப் போனவர் அங்கே பள்ளிக்கூடம் எட்டாத பிள்ளைகளைக் கண்டார். 1945 இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை உருவாக்கினார். 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபர். நல்ல சைவப் பள்ளிக்கூடம் ஒன்றின் கதவு ஒரு முஸ்லிம் பிள்ளைக்குத் திறந்திருந்தது. அந்த ஒரு பிள்ளை பிறகு எத்தனையோ கதவுகளைத் திறந்துவிட்டது.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு மத்திய கல்லூரிகள் வந்தன. வேலணை மத்திய கல்லூரியின் பெயரில் அந்தக் காலத்தின் முத்திரை இன்னும் இருக்கிறது. தாய்மொழியில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்கும் வழி பிறந்தது. இதன் உச்சத்தை 1969 இல் காண்கிறோம். அந்த ஆண்டு பொறியியல் பீடத்துக்கு எடுபட்டவர்களில் ஏறத்தாழ 48 சதவீதம் தமிழர். 1971 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் மொத்தச் சனத்தொகையில் 11 சதவீதம். மலையகத் தமிழர் வேறாக 9 சதவீதம் இருந்தார்கள். அந்த 48 க்குள் தோட்டப் பிள்ளைகளைத் தேடினால் மிகச் சிலரே கிடைப்பார்கள். "தமிழர் முன்னால்" என்ற ஒரு வரிக்குள், பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறையில் இருந்த பிள்ளை மறைந்து போனது.

பிறகு தரப்படுத்தல் வந்தது. 1971 இல் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்று ஆனது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், ஒரு முஸ்லிம். அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் எங்களிடம் சிலர் முகம் சுழிப்பார்கள். தமிழில் பரீட்சை எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250 தான் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. 1974 இல் மாவட்டக் கோட்டா சேர்ந்தது. பொறியியலில் தமிழரின் பங்கு 1973 இல் 24 சதவீதமாகவும், அடுத்த ஆண்டு 16 சதவீதமாகவும் இறங்கியது. ஒரு தலைமுறையின் கோபம் அங்கேதான் மூண்டது. அதன் பிறகு நடந்ததை இந்த ஊர்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அதே மாவட்டக் கோட்டா மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் சிலருக்கு வாசலைத் திறந்தது என்பதும் உண்மை. மொழிவாரித் தரப்படுத்தல் பிறகு கைவிடப்பட்டது, மாவட்டம் நிலைத்தது. இன்றைக்கும் பெரும்பாலான பீடங்களுக்கு 40 சதவீதம் திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதில் எங்கள் ஊர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்கிடும் அலகு மாவட்டம். நெடுந்தீவுப் பிள்ளையும் நல்லூர்ப் பிள்ளையும் ஒரே வரிசை. ஒருவர் வீட்டுக்கு முன்னால் நாலு ரியூசன் நிலையம், மற்றவர் படகுக்குக் காத்து நிற்கிறார். மாவட்டச் சராசரிக்கு இந்தக் கடல் தெரியாது.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது எங்கள் ஊர்கள் வெறுமையாகின. அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்டார்கள். வடக்கு முழுவதும் 70,000 க்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் புத்தளத்துக்குப் போனார்கள். ஒஸ்மானியாக் கல்லூரியின் வாங்குகளில் இருந்த பிள்ளைகள் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்து சமன்பாடு தீர்க்க வேண்டியதாயிற்று. ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30 இல், வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. இரண்டு துயரத்தையும் தராசில் வைக்க நாம் வரவில்லை. இரண்டிலும் கொப்பிகள் தொலைந்தன, வகுப்புகள் குழம்பின, படிப்பித்த வாத்தியார்மார் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனார்கள்.

மற்றப் பாடங்களை விடக் கணிதம் இதில் அதிகம் அடிபடும். சமூகக்கல்வியில் ஒரு வருடம் விடுபட்டால் அடுத்த வருடம் புதுப் பாடத்தோடு ஓடிச் சேரலாம். தரம் 6 இல் பின்னம் விடுபட்ட பிள்ளைக்குத் தரம் 8 இல் சமன்பாடு விளங்காது, தரம் 10 இல் எதுவுமே விளங்காது. இரண்டு வருடம் இடம்பெயர்ந்த பிள்ளையின் கணிதப் புள்ளியில் அந்த இரண்டு வருடம் கடைசி மட்டும் இருக்கும்.

விளைவைக் கண்டோம். 1969 இல் அந்த உச்சத்தைத் தொட்ட அதே வடக்கு, 2010களில் சாதாரண தரப் பெறுபேற்றில் ஒன்பது மாகாணங்களில் கடைசியாக நின்ற ஆண்டுகள் உண்டு. ஐம்பது வருடத்தில் ஒரு சனத்தின் மூளை மாறாது. மாறியது பள்ளிக்கூடம், ஆசிரியர், வீட்டின் நிம்மதி. "கணக்கு மூளை"க் கதை இந்த ஒரு தகவலோடு முடிந்துவிடுகிறது. அது முடிந்தால் "கணக்கு வராது" என்ற மற்ற இரண்டு கதைகளும் சேர்ந்தே முடிய வேண்டும்.

பெண் பிள்ளைகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வு நிலையம் 2003 முதல் நடத்திய தேசிய அடைவு மட்டச் சோதனைகளில் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளை விடக் கூடுதலாகப் புள்ளி எடுக்கிறார்கள். பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்ட நாட்டில்தான் இது. அதே சோதனைகள் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையில், பெரிய பாடசாலைக்கும் சின்னப் பாடசாலைக்கும் இடையில், சிங்கள மொழிமூலத்துக்கும் தமிழ் மொழிமூலத்துக்கும் இடையில் இடைவெளி இருப்பதையும் காட்டின. தீவுப் பிள்ளை ஒரே நேரத்தில் கிராமம், சின்னப் பாடசாலை, தமிழ் மொழிமூலம். மூன்று சுமையும் ஒரு தலையில்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் 1973 முதல் 9, 13, 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே வகைக் கணிதச் சோதனை வைத்து வந்தார்கள். 1980களின் பிற்பகுதி வரை கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் இடையிலான இடைவெளி நன்றாகக் குறைந்தது. பிறகு தேங்கிவிட்டது. இடைவெளி பிறப்பில் வந்தது என்றால் அது குறைந்திருக்காது. தானாகக் குறையும் ஒன்று என்றால் தேங்கியிருக்காது.

ஆகவே உறவுகளே, பெறுபேறு வந்ததும் எந்தச் சமூகம், எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்பதை நிறுத்துவோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் எமது பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமல் எத்தனை மாதம் போனது? தரம் 6 க்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாய்ப்பாடும் பின்னமும் தெரியும்? சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் பதிலே இருக்காது. அந்தப் பிள்ளை கடலுக்கோ கடைக்கோ போயிருக்கும், நாமும் மறந்திருப்போம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். வளைவும் மண்டபமும் கட்டித் தந்தீர்கள், நன்றி. அடுத்த முறை, நகரத்திலிருந்து வரும் கணித ஆசிரியர் ஒருவர் கிழமையில் ஐந்து நாளும் ஊரிலே தங்குவதற்கு நல்ல விடுதி ஒன்று தாருங்கள். முதல் பஸ்ஸில் வந்து கடைசிப் பாடத்துக்கு முன் ஓட வேண்டிய ஆசிரியரால் பின்தங்கிய பிள்ளையோடு அரை மணித்தியாலம் கூட இருக்க முடியாது. அந்த அரை மணித்தியாலத்தில்தான் கணிதம் இருக்கிறது.

மண்கும்பான் பள்ளிவாசலிலும் நயினாதீவு அம்மன் கோயிலிலும் ஒரே கடற்காற்றுத்தான் அடிக்கிறது. இரண்டு இடத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கணக்குச் செய்த காலம் இருந்தது. இன்ஷா அல்லாஹ், மறுபடியும் வரும்.

தீவகத்தில் உங்களுக்குக் கணிதம் படிப்பித்த வாத்தியார், ரீச்சர் யார்? எந்த ஆண்டு, எந்தப் பள்ளிக்கூடம்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். யார் எங்கே இருந்தார்கள், எப்போது இல்லாமல் போனார்கள் என்ற பட்டியல் ஒன்று சேர்ந்தால், எமது பிள்ளைகளின் புள்ளிகளுக்கான விளக்கம் அதிலேயே இருக்கும்.