பாமினி பழகிய விரல்கள்

விரல்கள் ‘மக்கள்’ என்று அடிக்கின்றன. திரையில் ‘முக்கள்’ என்று விழுகிறது. ‘தமிழ்’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் ‘துமிழ்’ வருகிறது. ‘குமுதம்’ என்று அடித்தால் ‘குமதம்’ நிற்கிறது. பக்கம் முழுக்கச் சொற்களுக்குக் கீழே சிவப்பு நெளிகோடு. ஓப்பன் ஒபிஸ், லிப்ரே ஒபிஸ் போன்ற இலவச ஆவண மென்பொருள்களைப் புதிய பதிப்புக்கு மாற்றி, பழைய அமைப்புகள் கூடவே வராமல் போன கணினியில் பாமினி எழுத்துருவால் தட்டச்சிடும் எவரும் இதைச் சந்திப்பார். மென்பொருள் கெட்டுப்போகவில்லை. அது தன் கடமையைத்தான் செய்கிறது. அந்தக் கடமை தமிழுக்கு விதிக்கப்பட்டதல்ல என்பதே சிக்கல்.

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருக்கின்றன. ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி: இந்த ஐந்து விசைகள்தான் ‘தமிழ்’. சிறிய கே ‘ம’ என்றால் பெரிய கே ‘மு’; சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. கணினிக்குத் தெரிவது ஆங்கிலம் மட்டுமே. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரியதாக்கும் தானியங்கித் திருத்தம் ‘ம’வைப் பிடித்து ‘மு’ ஆக்குகிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள் வந்தால் இரண்டாவதைச் சிறியதாக்கும் இன்னொரு திருத்தம் ‘குமு’வைக் ‘கும’ ஆக்குகிறது. இந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாக அணைத்து, எழுத்தின் மொழியை ‘எதுவுமில்லை’ என்று குறித்து, ஒரு கணினியைத் தமிழுக்குப் பழக்கி வைப்பது டைப்செட்டிங் தொழிலில் தனி அறிவாகவே இருந்துவருகிறது. மேம்படுத்தலில் அழிந்துபோவது பெரும்பாலும் அந்த அறிவின் விளைவுதான்.

அந்த அறிவு தேவைப்பட்ட ஊர்களில் ஒன்று, இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை மாநகர எல்லைக்குள், முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனை. மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் இருக்கும் இந்தக் கரையோர வட்டாரத்தில் எழுத்துத் தொழிலுக்குக் குறைவில்லை. கவிஞர் எம். ஏ. நுஃமான் 1969–70 காலத்தில் ‘கவிஞன்’ இதழை இங்கிருந்துதான் கொண்டுவந்தார். அச்சுக்கோத்த காலம் போய்க் கணினி வந்தபோது கலியாண அழைப்பிதழ், பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலை வினாத்தாள், சங்கக் கூட்டறிக்கை எல்லாம் எழுத்துருவுக்கு மாறின. ஆளப்போன எழுத்துரு பாமினி.

அது ஏன் பாமினி? விடை கணினிக்கு முந்திய காலத்தில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி 1930களில் ஜெர்மனியில் உற்பத்தியாகி வந்தது. 247 எழுத்துகளைச் சில டசின் விசைகளுக்குள் அடக்க அவர் எடுத்த வழி, எழுத்தைத் துண்டுகளாக்குவது: கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. ‘கெ’ வேண்டுமானால் கொம்பை முதலில் அடி, ககரத்தைப் பின்னால் அடி. கொம்பைப் பொறுத்தவரை, கை எழுதும் வரிசை எதுவோ அதுவே விரல் அடிக்கும் வரிசை. பின்னாளில் இலங்கையில் வழக்குக்கு வந்த ரெங்கநாதன் விசைப்பலகைக்கு மிக நெருக்கமான அமைப்பில் பாமினி 1990களில் பரவியது. கொம்பை முதலில் அடிக்கும் வழக்கம் அதிலும் தொடர்ந்தது. பொறியில் படித்தவர் கணினிக்கு வந்தபோது முற்றிலும் அந்நியமான இடத்துக்கு வரவில்லை. விரலின் பழக்கத்தை மதித்ததால்தான் பாமினி நிலைத்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

முஸ்லிம் ஊர்களுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. ஹனீபா, ஜமீலா, ஸாஹிறா, ஷரீப் என்று எழுத ஹகரமும் ஜகரமும் ஸகரமும் ஷகரமும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். பாமினி அவற்றையும் வைத்திருந்தது.

ஆவண மென்பொருளின் கதை இதே காலத்தில் வேறொரு கண்டத்தில் நடந்தது. ஜெர்மனியில் மார்க்கோ பொரிஸ் என்ற இளைஞர் 1985 இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார் ஒபிஸை 1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது; 2000 இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2002 மே மாதம் ஓப்பன் ஒபிஸ் 1.0 வெளிவந்தது. சன் நிறுவனம் ஒரக்கிள் கைக்குப் போன 2010 இல், அதை ஆக்கியவர்களில் பலர் பிரிந்து த டொக்கியுமென்ட் ஃபவுண்டேஷனை அமைத்து லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். விலை கொடுத்து வாங்க முடியாத கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் இது பெரிய கொடை.

கொடை வந்த வழியிலேயே இழப்புகளும் வந்தன. 2013 பெப்ரவரியில் வந்த லிப்ரே ஒபிஸ் 4.0, பழைய ஸ்டார் ஒபிஸ் கோப்புகளைத் திறக்கும் வசதியை நீக்கியது. அதே ஆண்டு ஜூலையில் அப்பாச்சி ஓப்பன் ஒபிஸ் 4.0 வந்தபோது, கருவிப்பட்டை சேர்க்கும் பழைய நீட்சிகள் பல வேலை செய்யாமல் போயின. 2017 பெப்ரவரியின் லிப்ரே ஒபிஸ் 5.3, டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களைக் கைவிட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பழைய நிரலைப் பராமரிக்க ஆளில்லை, அல்லது புதிய இயந்திரத்துக்குள் அது பொருந்தவில்லை. ஆனால் காரணத்தை வெளியீட்டுக் குறிப்பில் படிப்பவர் யார்? அடுத்த நாள் காலையில் அழைப்பிதழ் கொடுக்க வேண்டிய கடைக்காரரல்ல.

5.3 பதிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரை விண்டோஸில் ஒரு முறை, லினக்ஸில் ஒரு முறை, மேக்கில் ஒரு முறை என்று எழுத்துகளைக் கோத்துக் காட்டிய மென்பொருள், அந்தப் பதிப்பில் எல்லாவற்றையும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அந்த வேலையில் முன்னின்றவர் எகிப்தியரான காலித் ஹொஸ்னி. கெய்ரோவின் பூலாக் அச்சகத்து எழுத்துகளைத் தழுவி ‘அமீரி’ என்ற அழகான அரபு எழுத்துருவை வரைந்தவரும் அவரே. ஆங்கில எழுத்தின் இடத்தைக் கடன் வாங்காமல் தமிழுக்கே தனிக் குறி தரும் யூனிகோட் முறையில் கொம்பும் காலும் எல்லாக் கணினியிலும் ஒரேமாதிரி சரியான இடத்தில் நிற்பதற்கு அந்த மாற்றம் துணைசெய்கிறது. டைப் 1 போனதும் தமிழ் திருந்தியதும் ஒரே நாளில் நடந்தவை.

யூனிகோட் வேண்டாம் என்று வாதாட இந்தக் கரையில் எவராலும் முடியாது. 2004 டிசம்பர் 26 காலை, சுனாமியின்போது, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் வீடுகளோடு பத்திரங்களையும் கொண்டுபோனது. அப்படிப்பட்ட நாட்களில் தேவைப்படுவது பெயர்ப்பட்டியல். பாமினியில் அடித்த பெயர்ப்பட்டியலைக் கணினி அகரவரிசைப்படுத்தினால் கபூர் முன்னால் வருவார், அப்துல் பின்னால் போவார். ஏனென்றால் ககரம் எஃப் விசையில், அகரம் எம் விசையில். யூனிகோட் எழுத்துருவில் சேமித்த இன்னொரு பட்டியலில் அதே ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். எழுத்துரு இல்லாத கணினியில் மொத்தப் பட்டியலும் பொருளற்ற ஆங்கிலக் குவியல். தமிழுக்கு 1991 இலேயே யூனிகோட்டில் இடம் கிடைத்துவிட்டது, விண்டோஸ் 2000 அதற்கு ஆதரவும் தந்தது. மாற வேண்டியதுதான், மாறும் முறைதான் கேள்வி.

விரலைத் தொடாமல் உள்ளே இருக்கும் குறியை மட்டும் மாற்றியவர்கள் வென்றார்கள். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள், தமிழ் 99 விசைப்பலகைக்கும் தட்டச்சுப் பொறி முறைக்கும் பக்கத்தில் பாமினி முறையையும் வைத்தது. அதே விசைகள், அதே வரிசை. கோப்பில் சேர்வது யூனிகோட். ஜெர்மனியில் வாழும் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றியில் பழைய பாமினிப் பக்கத்தை ஒட்டினால் மறுபக்கம் யூனிகோட்டாக வெளிவரும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் 1326ஆம் இலக்க நியமமாகத் தமிழ்க் குறியீட்டை வகுத்தபோது ஏற்றதும் ரெங்கநாதன் விசைப்பலகையைத்தான். ஒலிப்பு முறையிலோ தமிழ் 99 முறையிலோ புதிதாகத் தொடங்கும் மாணவருக்குத் தடையில்லை. இருபது வருடம் கொம்பை முதலில் அடித்தவரைப் போய் மெய்யை முதலில் அடி என்று சொல்வது அவருடைய தொழிலைப் பறிப்பதற்குச் சமம்.

மூலநிரல் திறந்திருப்பதால் போனது திரும்பிவந்த கதையும் உண்டு. 4.0 நீக்கிய ஸ்டார் ஒபிஸ் கோப்புகளைத் திறக்கும் வசதியைச் சில ஆண்டுகளில் தன்னார்வலர்கள் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். நம் கடைகளுக்கு அதைவிட நெருக்கமான சேதி, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பற்றியது. அடோபி நிறுவனம் 2001 இல் வெளியிட்ட 7.0 தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. பாமினியில் கோத்த புத்தகங்களும் அழைப்பிதழ்களும் அந்த வடிவக் கோப்புகளில் உறைந்து கிடக்கின்றன. 2015 ஜனவரியில் வந்த லிப்ரே ஒபிஸ் 4.4 பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பாமினி எழுத்துருவை அந்தக் கணினியில் பதித்து வைத்திருந்தால், ஒரு பழைய மலரின் பக்கங்களை மீட்டு, மாற்றியில் இட்டு, யூனிகோட்டில் சேமிக்க வழி உண்டு. அமைப்பு கொஞ்சம் குலையும், எழுத்து பிழைக்கும்.

ஒரு வசதி மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதன் இழப்பு இந்த ஊர்களைத் தனியாகத் தாக்குகிறது. பள்ளிவாசல் அறிவித்தலின் தலையில் பிஸ்மில்லாஹ் அரபியில் வரும், கீழே தமிழ். லிப்ரே ஒபிஸ் எழுத்துகளை மூன்று தொகுதியாகப் பிரிக்கிறது: மேற்கத்திய எழுத்து, சீன–ஜப்பானிய–கொரிய எழுத்து, சிக்கலான எழுத்தமைப்பு. பாமினி ஆங்கில வேடம் போட்டதால் தமிழ் முதல் தொகுதியில் இருந்தது, அரபு மூன்றாவதில். இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு. ஒரு முறை பாணியில் அமைத்துவிட்டால் ஒன்றை ஒன்று தொடாது. யூனிகோட்டுக்கு மாறியதும் தமிழும் மூன்றாவது தொகுதிக்குப் போய்விட்டது. இப்போது இரண்டுக்கும் ஒரே பெட்டி. அரபுக்காக அமீரியை 24 புள்ளியில் வைத்தால் தமிழின் அளவும் சேர்ந்து ஏறும். தமிழைக் குறைத்தால் அரபும் சுருங்கும். ஒவ்வோர் அரபு வரியையும் தனியாகத் தெரிவுசெய்து தனிப் பாணி கொடுக்க வேண்டியிருக்கிறது. குர்ஆன் வசனமும் தமிழ் விளக்கமும் மாறி மாறி வரும் ஒரு நூலில் அது எத்தனை மணிநேர வேலை! பிழையான குறிமுறையில் இயல்பாகக் கிடைத்த வசதி, சரியான குறிமுறையில் இல்லாமல் போயிருக்கிறது.

தமிழும் அரபும் ஒரே பக்கத்தில் வாழும் இடங்கள் உலகில் அதிகமில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, சிங்கப்பூர், இலங்கையின் கிழக்குக் கரை போன்ற சிலவே. அதனால் இந்தக் குறையை ஐரோப்பாவில் இருக்கும் நிரலாளர் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. லிப்ரே ஒபிஸின் வழுப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றி முறையிடலாம். நற்பிட்டிமுனையிலிருந்து கரையோர வீதியில் தெற்கே போனால் ஒலுவில். அங்குள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடமும் இருக்கிறது, தொழினுட்பப் பீடமும் இருக்கிறது. மேலே அரபும் கீழே தமிழும் உள்ள ஒற்றைப் பக்க அறிவித்தலை மாதிரியாக இணைத்து, தமிழுக்கும் அரபுக்கும் வெவ்வேறு எழுத்துருப் பெட்டி கேட்டு அங்கிருந்து ஒரு முறையீடு போக வேண்டும்.