கணக்கு வாத்தியாருக்கு எவ்வளவு கணக்குத் தெரிய வேண்டும்? – ஒரு வரலாற்றுப் பார்வை

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும்தான் பேசுகிறோம். ஆனால் கணக்கைப் பொறுத்தவரை பிள்ளையின் தலையெழுத்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளிலேயே எழுதப்பட்டு விடுகிறது. அங்கேதான் எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து உட்காருகிறது. பூஜ்யத்துக்குக் கீழே குறை எண்கள் வருகின்றன. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொல்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுத் தேர்வில் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணக்கை 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டாகப் பிரித்தது. எதை எடுப்பது என்று வீட்டிலே பெரிய விவாதம் நடக்கும். உண்மையில் அது ஏழாம் வகுப்பிலேயே முடிவாகிப் போன சங்கதி. அந்த மூன்று வகுப்புகளுக்கும் பாடம் சொல்லும் ஆசிரியரை நம் நாடு எப்படித் தயார் செய்து வந்திருக்கிறது என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

பழைய திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குத் தனிப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. தான் படித்த எண்சுவடியையே அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பிள்ளைகள் வாய்ப்பாடாக ஒப்பித்தார்கள். ஏன் என்று கேட்கிற பழக்கம் குறைவு, மனப்பாடம்தான் பிரதானம். ஆனாலும் படித்த கணக்கு மறுநாளே நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், கடையில் பற்று வரவு எழுதவும் உதவியது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அந்த உலகத்தைச் சேர்ந்தவை.

1856-ஆம் ஆண்டு சென்னையில் அரசாங்க நார்மல் பள்ளி ஏற்பட்டது. அதுதான் பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. நம் தாத்தா காலத்து ஆசிரியர்களின் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ., எல்.டி.' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு பட்டங்களுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதைக் கல்லூரி பார்த்துக் கொள்ளும்; எப்படி என்பதைப் பயிற்சிக் கல்லூரி பார்த்துக் கொள்ளும் என்று விட்டு விட்டார்கள். கல்லூரியில் படித்த நுண்கணிதத்துக்கும் ஏழாம் வகுப்புப் பின்னத்துக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பள்ளம் நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் 1908-ல் இதையே எடுத்துக் காட்டினார். மாணவன் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது பள்ளிக் கணக்கை மறக்கிறான். ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணக்கை மறக்கிறான் என்பது அவருடைய கருத்து.

இதனால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக் கொள்வோம். "ஏன் சார், ஆறைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும்?" கேட்கிற பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. இந்தக் கேள்வியின் வயது ஆயிரத்து நானூறு. 628-ல் பிரம்மகுப்தர் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கணித சார சங்கிரகம் எழுதிய மகாவீராசாரியார் எங்கள் ஜைன மரபின் தலைசிறந்த கணித அறிஞர். சென்னையில் எம். ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912-ல் அந்நூல் அச்சில் வெளிவந்தது. அந்த மகாவீராசாரியார், பூஜ்யத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்று எழுதினார். பங்கு வாங்க ஆளே இல்லையென்றால் பொருள் அப்படியே இருக்கும் என்று தோன்றுவது இயல்புதானே! பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியார் அதை முடிவில்லாத அளவு என்றார். இன்றைய கணிதம் அப்படி வகுக்கவே கூடாது என்கிறது. பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் ஆறு வராது; அதனால் விடையாகச் சொல்ல ஓர் எண் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

மூன்று மேதைகள் முட்டி மோதிய கேள்வி இது. கணிதம் ஆழமாகப் படித்த ஆசிரியர், "நல்ல கேள்வி, பெருக்கிப் பார்" என்பார். விதியை மட்டும் படித்தவர், "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்பார். இரண்டாவது பதிலை நாலு தடவை கேட்ட பிள்ளை ஐந்தாவது தடவை கேள்வியே கேட்காது. கணக்கு என்றால் பயம் என்பது அங்கேதான் முளைக்கிறது.

அப்படியானால் பெரிய பட்டம் வாங்கினால் போதுமா? போதாது. 1999-ல் வெளியான தம் நூலில் லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டார்; ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்கு ஒரு கதைக் கணக்கும் அவர்களிடம் கேட்கப்பட்டது. பட்டம் பெற்ற அமெரிக்க ஆசிரியர்களில் பலர் தடுமாறினார்கள். கல்லூரிப் பக்கமே போகாத சீன ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். எண்ணெய்க் கடைக்காரரைக் கேட்டால் அவரும் சொல்லுவார்: ஒன்றே முக்கால் லிட்டரை அரை லிட்டர் படியால் அளந்தால் மூன்றரைப் படி. சின்னக் கணக்கை ஆழமாக அறிவதே ஒரு தனிப் படிப்பு.

நம் தில்லியில் இதற்கு முயற்சி நடக்காமல் இல்லை. 1947-ல் மத்தியக் கல்வி நிறுவனமும், 1961-ல் என்.சி.இ.ஆர்.டி.யும் இங்கே தோன்றின. மைசூர் முதலிய நான்கு ஊர்களில் பாடத்தையும் பயிற்சியையும் ஒன்றாக இணைத்த நான்கு ஆண்டுப் படிப்புகள் அறுபதுகளில் தொடங்கின. எட்டாம் வகுப்பு வரைக்கான ஆசிரியர்களுக்கென்றே 1994-ல் தில்லிப் பல்கலைக்கழகம் பி.எல்.எட். என்ற நான்கு ஆண்டுப் பட்டத்தைக் கொண்டு வந்தது. சென்னையில் 1965-ல் ஏற்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பி.கே. சீனிவாசன், முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் என்ற தமிழரே. பிள்ளைகளின் பயத்தோடு, ஆசிரியருக்குப் போதிய தயாரிப்பும் ஆதரவும் இல்லாததையும் அந்தக் குழு முக்கியக் குறையாகச் சொன்னது.

ஆனால் சட்டமும் தேர்வும் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலையும் கணிதத்தையும் ஒரே இனமாகச் சேர்த்து ஓர் ஆசிரியரைக் கேட்கிறது. 2011-ல் தொடங்கிய சி-டெட் தேர்வின் இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். அதில் கணிதம் 30. அதிலும் பாடப் பொருள் 20தான். தேற வேண்டியது 90. கணிதத்தில் ஒரு மதிப்பெண்கூட வாங்காமலே மற்றதை வைத்துத் தேறிவிடலாம் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு. அரசுப் பள்ளி டி.ஜி.டி. வேலைக்குத் தனித் தேர்வும் பட்டத்தில் கணிதமும் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். எல்லாப் பள்ளிகளுக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அதில் ஒரு பகுதியாவது கணக்கையே படிக்கும் நேரமாக இருக்க வேண்டும். 1923-லேயே தங்கள் பிள்ளைகளுக்காக இங்கே பள்ளி தொடங்கிய சமூகம் நம்முடையது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. ஓய்வு பெற்ற தமிழ்க் கணிதப் பேராசிரியர்களுக்கும் இவ்வூரில் பஞ்சமில்லை. கோடை விடுமுறையில் பத்து நாள் அவர்களையும் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கப் பெரிய முதல் தேவையில்லை. பெற்றோரும் அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராமல், "எங்கள் பிள்ளை வகுப்பில் என்ன கேள்வி கேட்டான்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.