தேய்ந்த குழலும் தவறிய குறியும்



பால் மரத்தில் சாய்வாக வெட்டிய கோடு, பாலை வழிதவறாமல் மங்கில் கொண்டு சேர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ரைஃபிள் துப்பாக்கிக் குழலின் உட்புறத்திலும் அதுபோன்ற சாய்ந்த வரிகள் உண்டு. அவை திருகாணியின் புரிபோலச் சுற்றிச் செல்லும். குண்டைப் பம்பரமாய்ச் சுழற்றி நேரே செலுத்தும். வரிகள் தேய்ந்துவிட்டால், சுடுபவரின் கை எவ்வளவு உறுதியாயிருந்தாலும் குறி தவறும்.

1888ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கியை ஏற்றது. அக்காலத்துக் கருமருந்து ஒவ்வொரு வெடிக்கும் குழலில் கசடு படியச் செய்யும். அதை எளிதில் துடைப்பதற்காக, வில்லியம் மெட்ஃபோர்ட் என்ற பொறியாளர் ஆழமில்லாத, விளிம்பு மழுங்கிய ஏழு வரிகளை வகுத்திருந்தார்.

சில ஆண்டுகளில் கார்டைட் என்னும் புதிய மருந்து வந்தது. புகை குறைந்தது, குண்டின் வேகம் கூடியது. ஆனால் அதன் கடும் வெப்பம் குழலை அரித்தது. ஆழமில்லாத வரிகள் விரைவிலேயே தேய்ந்தன. போர்க்களத்தில் குறி தவறினால் போவது உயிரல்லவா?

1895இல் தீர்வு கிடைத்தது. இலண்டனை அடுத்த என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலை, ஆழமும் கூரிய விளிம்பும் கொண்ட ஐந்து வரிகளை அமைத்தது. துப்பாக்கியின் மற்றப் பாகங்கள் பெரும்பாலும் பழையனவே. இவ்வாறு பிறந்த லீ-என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகள் இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டன.

நேயர்களே, குறி தவறியதும் சுட்டவரைக் குறை கூறுவது எளிது. கருவியையும் பார்ப்பதே நியாயம். மழுங்கிய கத்தியோடு பால் வெட்டி, மரத்தில் காயம் பட்டதற்கு ஏச்சு வாங்கியவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?