சட்டத்தின் வாசலும் சபையின் வாசலும்

ஒரு குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே அது நாளைக்குக் குற்றம் செய்யும் என்று சர்க்கார் தீர்மானித்துவிட முடியுமா? முடியும் என்று சொன்ன சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. மதுரைக்கு மேற்கே எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்து மக்களுக்கு அதைப் பற்றி யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். பிறமலைக் கள்ளர் வீட்டு ஆண்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அந்த வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

இந்தச் சட்டத்தின் முதல் வடிவம் 1871-இல் பிறந்தது. அதன் முழுத் தலைப்பைக் கேட்டால் இன்று பலர் வியப்பார்கள். குற்றப் பரம்பரையினரை மட்டுமல்ல, 'அலிகள்' என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்களையும் பதிவு செய்வதற்கான சட்டம் அது. பிறந்த சாதிக்காக ஒருவன், பிறந்த இயல்புக்காக ஒருவன் என்று இருவரையும் வெள்ளைக்கார சர்க்கார் ஒரே கூண்டில் நிறுத்தியது. அதற்கு முன்பே, 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, ஒரே பாலினத்தாரின் உறவைக் குற்றமாக்கியிருந்தது. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னதோ 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான். ஒரு விலங்கு கழன்று 71 ஆண்டுகள் கழித்தே மற்றொரு விலங்கு கழன்றது.

குற்றமல்ல என்றால் கலியாணம் உண்டா? உலகத்தில் பல தேசங்கள் உண்டு என்று சொல்லிவிட்டன. 2001-இல் நெதர்லாந்து முதலில் தொடங்கியது. 2015-இல் அமெரிக்கா, 2019-இல் தைவான், 2025-இல் தாய்லாந்து என்று அது நமக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. நம் சுப்ரீம் கோர்ட்டு மட்டும் 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, திருமணம் என்பது அடிப்படை உரிமையல்ல, அதற்குச் சட்டம் செய்வது பார்லிமெண்டின் வேலை என்று தீர்ப்பளித்தது. இன்று இல்லையென்றாலும் நாளைக்கு இந்தக் கேள்வி மறுபடியும் வரும். அப்போது கிறிஸ்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கவலை பல வீடுகளில் இப்போதே உண்டு.

மதுரைச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கவலை ஒரு விசேஷமான முறையில் வந்திருக்கிறது. 1834-இல் மதுரைக்கு வந்து பள்ளியும் ஆஸ்பத்திரியும் கோயிலும் எழுப்பியவர்கள் அமெரிக்கன் மிஷன் பாதிரிமார்கள். அவர்களை அனுப்பிய சபையின் வாரிசான ஐக்கிய கிறிஸ்து சபை, 2005-இல் அட்லாண்டாவில் கூடிய மகாசபையில் ஒரே பாலினத்தார் திருமணத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இங்கிலாந்தின் மெதடிஸ்ட் சபை 2021-இல் இசைந்தது. ஸ்காட்லாந்து சபை 2022-இல், மனம் இசையும் குருமார் நடத்தலாம் என்றது. இங்கிலாந்துத் திருச்சபை 2023-இல் ஆசி ஜெபத்துக்கு இணங்கியது, விவாகத்துக்கு இணங்கவில்லை. இந்தச் சபைகள் நட்ட கன்றுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. அதன் விவாக முறை இன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதாகவே இருக்கிறது. தாய்வீட்டார் ஒவ்வொருவராக வழி மாறுகிறார்கள். மகள் பழைய வாசலிலேயே நிற்கிறாள். யார் சரி என்று மகள் திகைப்பது இயற்கைதானே?

இப்படித் திகைப்பது மதுரைக்குப் புதிதல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழ் கற்றார். குடுமியும் பூணூலும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. 1623-இல் பாப்பரசர் அவற்றை அனுமதித்தார். பிற்பாடு தாலியைப் பற்றியே தகராறு எழுந்தது. 1703-இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ மாதா உருவமோ பொறித்ததை அணியலாம் என்று கட்டளையிட்டார். அன்று அது பெரிய சண்டை. இன்று சிலுவைத் தாலி கட்டிய கிறிஸ்தவப் பெண்ணைப் பார்த்து யாராவது வேதத்துக்கு விரோதம் என்கிறார்களா? இல்லை.

ஆனால் அதே மதுரை மிஷன் சாதிக்கும் இணங்கிப்போயிற்று. உயர்சாதியாருக்கு ஒரு குரு, தாழ்த்தப்பட்டவர்களுக்கு வேறொரு குரு என்று பிரித்து வைத்தது. பின்னால் வந்த அமெரிக்கன் மிஷன், 1847-இல், சபையார் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று கண்டிப்புச் செய்தது. உபதேசிமார் உட்படப் பலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். மிஷன் அசையவில்லை.

இந்த இரண்டு சரித்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஊரோடு இணங்குவது எப்போதும் சரியுமல்ல, எப்போதும் பிழையுமல்ல. தாலிக்கு இணங்கியதால் எந்த அயலானும் கண்ணீர் விடவில்லை. சாதிக்கு இணங்கியதால் அயலான் வாசலுக்கு வெளியே நின்றான். இணங்குவதா, மறுப்பதா என்று கேட்பதற்கு முன்னால், இதனால் வெளியே நிற்கப்போவது யார் என்று கேட்பதுதான் மதுரைச் சரித்திரம் கற்பிக்கும் பாடம்.

தாலியும் விவாகமும் ஒன்றா, தாலி அடையாளம், ஆணும் பெண்ணும் இணைவதோ சிருஷ்டியின் ஒழுங்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேதத்தை அப்படி வாசிக்கிறவர்கள் மனச்சாட்சிப்படி வாசிக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஏசுவதால் ஒரு பயனும் இல்லை. ரோமாபுரியும் 2023 டிசம்பரில் இப்படிப்பட்டவர்களுக்குக் குருவானவர் ஆசி கொடுக்க இடம் தந்ததே ஒழிய, விவாகத்தைப் பற்றிய போதனையை மாற்றவில்லை.

ஆனால் சட்டம் வந்தால் பீடம் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சுவதற்குக் காரணம் இல்லை. இந்த நாட்டில் சட்டத்தின் விவாகமும் சபையின் விவாகமும் ஒன்றாக இருந்ததே இல்லை. 1869 முதல் கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. கோர்ட்டில் விடுதலை பெற்றவருக்கு அது மறுமணம் செய்துவைப்பதும் இல்லை. அதற்காக எந்தப் பாதிரியாரும் சிறைக்குப் போகவில்லை. மறுபக்கம், சபையின் நியாயசபை விவாகத்தை ரத்துச் செய்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 1954-ஆம் ஆண்டு விசேஷ விவாகச் சட்டத்தின்படி ரிஜிஸ்தர் ஆபீசில் மணந்துகொள்ளும் கிறிஸ்தவர்களும் உண்டு. இரண்டு வாசல்கள் பக்கத்தில் பக்கத்தில் நூறாண்டுக்கு மேலாக இருக்கின்றன. தன் வாசலில் என்ன நடக்கலாம் என்று சபை தீர்மானித்துக்கொள்ளட்டும். அடுத்த வாசலையும் பூட்டச் சொல்லும் உரிமை அதற்கு ஏது?

உண்மையான சோதனை பீடத்தில் அல்ல, வீட்டில்தான் நடக்கிறது. சில வருஷங்களுக்கு முன் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். வழக்கு ஹைகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் ஓர் அபூர்வமான காரியம் செய்தார். இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, மனநல நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான், 2021 ஜூன் 7-ஆம் தேதி, அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தும், இப்படிப்பட்டவர்களை 'மாற்றுகிறோம்' என்று நடத்தும் சிகிச்சைகளைத் தடுத்தும் உத்தரவிட்டார். அந்த உத்தரவுக்குப் பிறகும் கொடுமை நிற்கவில்லை. 2025 மே மாதம் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்த வேறொரு வழக்கில், 25 வயதுப் பெண் ஒருத்தியை வீட்டில் பிடித்து வைத்து அடித்து, சடங்குகள் செய்து 'சரியாக்க' முயன்றிருந்தார்கள். கோர்ட்டு அவளை விடுவித்தது.

அந்தப் பெண் எந்த மதத்து வீட்டில் பிறந்தவளாகவும் இருக்கலாம். உபவாச ஜெபம் வைத்துப் பிசாசு ஓட்டலாம் என்று நினைக்கும் பெற்றோர் நம் ஊர்களில் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அப்படி ஒரு தாய் அழுதுகொண்டு குருவானவரின் வீட்டுக் கதவைத் தட்டும்போது, சபையின் பதில் என்ன என்பதுதான் கேள்வி. தீர்ப்புச் சொல்லும் உத்தியோகத்திலிருந்த நீதிபதியே முதலில் கேட்டுக்கொள்ள உட்கார்ந்தார். மேய்ப்பர் என்று பெயர் பெற்றவர்கள் அவ்வளவுகூடச் செய்யக்கூடாதா?

விவாக ஆராதனையில் எந்த ஜெபத்தை வாசிப்பது என்று சபைகள் இன்னும் பல வருஷம் வாதாடட்டும். அது அவர்கள் காரியம். அதுவரை அந்தத் தாயிடம், "பிள்ளையை அடிக்காதே அம்மா, கட்டாயக் கலியாணம் செய்துவைத்து இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் கெடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு வா" என்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. எந்த மகாசபையின் தீர்மானமும் தேவையில்லை. பிறப்பைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து உயிர் கொடுத்தவர்களின் சீமை இது. இங்கே அந்த வார்த்தையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.