சிவகாசிப் பிள்ளைகளும் கற்றல் ஏணியும்



சிவகாசி என்றதும் எல்லோருக்கும் பட்டாசு ஞாபகம் வரும். எனக்கு அதோடு ஒரு கேள்வியும் வரும். சின்னப் பிள்ளைக்கு என்ன திறமை இருக்கிறது என்று இந்த ஊரில் முதலில் கவனித்தது யார்? பள்ளிக்கூடமா, தீப்பெட்டி ஆபீஸா?

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழையை நம்பிய கரிசல் பூமியில் அந்தத் தொழில் பலருக்குச் சோறு போட்டது. ஆனால் 1970, 80-களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். விடியும் முன்பே ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வந்துவிடும். சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. "சின்ன விரல் வேகமாக ஓடும்" என்று காரணம் சொன்னார்கள். அதே வேலையைப் பெரியவர்களும் செய்தார்கள் என்பதுதான் உண்மை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், பீஸ் ரேட்டில் கிடைத்த மலிவான கூலி, அவ்வளவுதான்!

சரி, பள்ளிக்கூடம் என்ன செய்தது? விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-ல் மதிய உணவு கொடுத்துப் பிள்ளைகளை வகுப்புக்குள் கொண்டுவந்தார். ஆனால் உள்ளே வந்தபின் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம். பத்து நாள் வராத பிள்ளைக்குத் திரும்பி வந்தால் ஒன்றும் புரியாது. 'மக்கு' என்று பெயர் வாங்கும். அப்புறம் பஸ் ஏறுவதே மேல் என்று தோன்றாதா?

சட்டம் தன் பங்குக்கு வந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1988-ல் சிறப்புப் பள்ளிகளோடு தேசியத் திட்டம், அதில் சிவகாசியும் உண்டு. 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதி கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பிள்ளையை ஆபீஸிலிருந்து வெளியே எடுக்க இவை உதவின. வகுப்பில் உட்கார வைக்க வேறொன்று தேவைப்பட்டது.

அது 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது: செயல்வழிக் கற்றல். கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். வேலூர் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமையிலிருந்து மீட்ட சிறுவர்களுக்குப் படிப்பு கொடுக்க முயன்றவர். மாதிரி, ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகள். 2007-08-ல் தமிழகம் முழுக்க வந்தது.

பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்தது. சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தன் படியைத் தானே பார்த்து அட்டையை எடுக்கும். கையால் அடுக்கிக் கற்கிறவனுக்கு மணியும் குச்சியும், பேசிக் கற்கிறவளுக்குக் குழு, எழுதிப் பார்க்கத் தன் உயரத்திலேயே கரும்பலகை. பத்து நாள் வராவிட்டாலும் விட்ட படியிலிருந்து ஏறலாம். அறுவடைக்கும் பட்டாசு சீசனுக்கும் பிள்ளைகள் நின்றுவிடும் நம் மாவட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறையும் உண்டு. ஆசிரியர் கவனிக்காவிட்டால் மெதுவாகக் கற்கும் பிள்ளை கீழ்ப்படியிலேயே நின்றுவிடும். இரண்டு ஆசிரியர் பள்ளியில் அது எளிதல்ல. அந்த முறை இன்று அப்படியே இல்லை. ஆனால் கொரோனாவுக்குப் பின் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படிதான் பார்த்தது.

பிள்ளையின் விரல் வேகத்தைத் தீப்பெட்டி ஆபீஸ் தன் லாபத்துக்காகக் கவனித்தது. பள்ளிக்கூடம் அதே விரலைப் பிள்ளையின் லாபத்துக்காகக் கவனிக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?