ஜி-குவாட்ருப்ளெக்ஸ்: வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் இலக்கு

ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்பது, குவானைன் என்னும் காரம் செறிந்த டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழை தன்மேல் தானே மடிந்து உருவாக்கும் நான்கிழை அமைப்பாகும். நான்கு குவானைன்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைந்து சதுரத் தட்டாக, அத்தகைய தட்டுகள் இரண்டோ மூன்றோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, நடுவே அமரும் பொட்டாசியம் அயனி அடுக்கைக் குலையாமல் பிடித்துக்கொள்கிறது. குவானைலிக் அமிலக் கரைசல் கூழாக உறைவதை 1910இலேயே இவார் பாங் என்பவர் கண்டிருந்தாலும், அதற்குக் காரணம் இந்த நால்வர் கூட்டே என்பது 1962இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகியோரின் ஆய்வில்தான் தெளிவாயிற்று.

எச்.ஐ.வி.-1 தன் மரபுப்பொருளை மனித டி.என்.ஏ.வுக்குள் செருகிய பின், மரபணுக்களைப் படியெடுக்கத் தொடங்கிவைக்கும் முனைப்பகுதியில், எஸ்பி1, என்.எஃப்.-கப்பா-பி ஆகிய புரதங்கள் பற்றும் இடங்கள் குவானைன் மிகுந்தவை. அவ்விடம் நான்கிழையாக மடிந்தால் படியெடுப்பு தளர்கிறது. ப்ராகோ-19 என்னும் சேர்மம் அம்மடிப்பை இறுக்கி, உயிரணு வளர்ப்புச் சோதனைகளில் வைரஸின் பெருக்கத்தைக் குறைத்தது.

எல்லா வைரஸிலும் மடிப்பை இறுக்குவதே வழி என்று கருதினால் எப்ஸ்டீன்-பார் வைரஸ் அக்கணக்கைப் பிழையாக்கிவிடும். உறங்குநிலையில் அது தன் மரபுப்பொருளைக் காக்க இ.பி.என்.ஏ.1 என்னும் புரதத்தை நம்பியுள்ளது. ஆயினும் அப்புரதம் மிகுந்தால் உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் வைரஸை இனங்கண்டுவிடும். அப்புரதத்துக்குரிய தூது ஆர்.என்.ஏ.வில் ஜிஜிஜி-ஜிசிஏ-ஜிஜிஏ-ஜிசிஏ-ஜிஜிஏ-ஜிஜிஏ என்னும் கோவை திரும்பத் திரும்ப வந்து நான்கிழையாக மடிய, மனித உயிரணுவின் நியூக்ளியோலின் புரதம் அதைப் பற்றிப் புரத உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. பைரிடோஸ்டாட்டின் என்னும் சேர்மம் இம்மடிப்பை இறுக்கிப் புரதத்தை மேலும் குறைக்கிறது. ஃபென்-டிசி3 என்னும் சேர்மமோ நியூக்ளியோலின் பற்றுவதைத் தடுத்துப் புரதத்தைக் கூட்டி, ஒளிந்திருக்கும் வைரஸை வெளிக்காட்டுகிறது. ஒரே மடிப்பின்மேல் எதிரெதிரான இரு உத்திகள் என்பதே இத்துறையின் சுவையான சிக்கல்.

மனித குரோமோசோம்களின் முனைகளிலும் டிடிஏஜிஜிஜி என்னும் கோவை அடுக்கடுக்காய் அமைந்து இதேபோல் மடியக்கூடியது என்பதால், தட்டையான குவானைன் பரப்பில் ஒட்டும் சேர்மம் வைரஸையும் மனிதனையும் எளிதில் வேறுபடுத்தாது. எனவே தட்டுகளை விட்டு, அவற்றை இணைக்கும் வளையங்களை நோக்கிச் சேர்மங்கள் வடிவமைக்கப்படுகின்றன. எச்.ஐ.வி. முனைப்பகுதியின் ஒரு மடிப்பில் நான்கிழை அமைப்போடு ஈரிழைக் கொண்டையூசி வளைவொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால், அவ்விரண்டும் சந்திக்கும் மூட்டு தனி இலக்காக ஆராயப்படுகிறது.