வளர்கிற பிள்ளைக்கு ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளை ஏலம் விடுகிறவர்களின் பட்டியல்களைப் புரட்டினால், நூறு வருடத்துக்கு முந்தைய சின்ன ரைஃபிள்களுக்குக் கீழே ஒரு குறிப்பு அடிக்கடி கண்ணில் படும்: கட்டை அறுக்கப்பட்டுள்ளது. தோளில் முட்டுக்கொடுக்கும் மரப்பகுதியைத்தான் கட்டை என்கிறேன். யாரோ ரம்பத்தால் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் அறுத்து எடுத்திருப்பார்கள். சேகரிப்பாளர்களுக்கு அது குறை, அதனால் விலை பாதியாக இறங்கிவிடும். எனக்கு அந்தக் குறிப்புகள்தான் முக்கியமாகப் பட்டன. ஏதோ ஒரு பண்ணை வீட்டில் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் கையை அளந்திருக்கிறான். அதற்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்த ரம்பத் தடம் மட்டுமே.

துப்பாக்கிக்கு அளவு உண்டு என்பதே நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். எனக்குப் பழக்கமான ஒரே துப்பாக்கி கல்லூரி என்.சி.சி-யில் கொடுத்த பாயிண்ட் டூ டூ. மணல்மூட்டை மேல் சாய்த்துப் படுத்துக்கொண்டு ஐந்து தோட்டா சுட்டோம். குள்ளமான பையனுக்கும் நெட்டையான பையனுக்கும் ஒரே துப்பாக்கிதான். பட்டால் பட்டது, படாவிட்டால் அடுத்த ஆள்.

விசையிலிருந்து கட்டையின் கடைசி விளிம்பு வரை உள்ள தூரத்தை அவர்கள் 'லென்த் ஆஃப் புல்' என்கிறார்கள். வளர்ந்த ஆளுக்குச் செய்யும் ரைஃபிள்களில் அது பொதுவாக 13½ முதல் 14 அங்குலம் வரை இருக்கும். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? கட்டை தோளில் உட்காராது. கழுத்தை நீட்டினாலும் கண் குறிமுள்ளுக்கு நேராக வராது. முன்பக்கப் பாரத்தைத் தாங்க முடியாமல் பிள்ளை இடுப்பை முன்னே தள்ளிப் பின்னால் சாயும். கொஞ்ச நேரத்தில் கட்டையை அக்குளுக்குள் சொருகிக்கொள்ளும். அப்புறம் குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, அளவு என்பது வசதி சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவனின் உயிர் சார்ந்ததும்கூட.

நம் ஊர் டெய்லர் கடையில் அம்மாக்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டே: "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே தைச்சிடுங்க." அமெரிக்கக் கிராமப்புறத்தில் துப்பாக்கி வாங்கியவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் யோசித்தார்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். துப்பாக்கியில் அந்தக் கணக்கு செல்லாது.

அளவெடுத்துத் துப்பாக்கி செய்யும் கலை இல்லாமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துப் பிரபுக்கள் துப்பாக்கிக் கடைக்குப் போனால், கட்டையின் நீளத்தையும் வளைவையும் திருகித் திருகி மாற்றக்கூடிய ஒரு 'ட்ரை கன்'னைக் கையில் கொடுத்து, கோட்டு தைக்க அளவெடுப்பது போல அளவெடுத்தார்கள். அது காசுள்ளவனுக்கு. கடலுக்கு இந்தப் பக்கம், ஒஹாயோ மாநிலத்தில் ஏறக்குறைய எட்டு வயதில், தகப்பனை இழந்த ஒரு சிறுமி குடும்பப் பசிக்காக வேட்டையாடத் தொடங்கினாள். பெரியவர்களுக்குச் செய்த துப்பாக்கிதான் அவளுக்கு வாய்த்தது. அடித்த பறவைகளையும் முயல்களையும் விற்று, 15 வயதில் அம்மாவின் பண்ணைக் கடனை அடைத்தாள் என்று சொல்வார்கள். 1860-இல் பிறந்த அவளைப் பின்னாளில் உலகம் ஆனி ஓக்லி என்று அறிந்தது. அந்த வீட்டில் அளவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

பிள்ளைகளுக்கென்று துப்பாக்கி வருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கேற்ற தோட்டா வர வேண்டியிருந்தது. 1845-இல் பிரான்சில் லூயி நிக்கொலா ஃப்ளோபேர் என்பவர், கூடத்துக்குள்ளேயே குறிபார்த்து விளையாடுவதற்காக ஒரு குட்டித் தோட்டாவைச் செய்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தங்கள் முதல் ரிவால்வருக்காகக் கொண்டுவந்த பாயிண்ட் டூ டூ ஷார்ட். 1887-இல் மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் கம்பெனி அதை நீட்டி 'லாங் ரைஃபிள்' ஆக்கியது. இன்றும் உலகம் முழுக்க ஓடுவது அதுதான். தோளை இடிக்காது, விலையும் மலிவு. குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். இத்தனூண்டுதானே என்று தோன்றும். ஆனால் தோட்டாப் பெட்டி மேலேயே, ஒரு மைலுக்கு அப்பாலும் இது ஆபத்து என்ற எச்சரிக்கையை அச்சடித்து விற்றார்கள்.

இந்தத் தோட்டாவை நம்பித்தான் 'பாய்ஸ் ரைஃபிள்' என்ற சரக்கு சந்தைக்கு வந்தது. ஸ்டீவன்ஸ் தன் துப்பாக்கிகளுக்கு 'ஃபேவரிட்', 'க்ராக் ஷாட்', 'லிட்டில் ஸ்கவுட்' என்றெல்லாம் பெயர் வைத்தது. பெயரைக் கேட்டாலே பையனுக்கு ஆசை வரும். மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத்தில் காற்றாலை செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, 1888-இல் க்ளாரன்ஸ் ஹாமில்டன் கண்டுபிடித்த காற்றுத் துப்பாக்கியைக் காற்றாலை வாங்கிய விவசாயிகளுக்கு இனாமாகக் கொடுத்துப் பார்த்தது. இனாமுக்கு இருந்த கிராக்கி காற்றாலைக்கு இல்லை. 1895-இல் கம்பெனி தன் பெயரையே டெய்ஸி என்று மாற்றிக்கொண்டது. ஹாமில்டன் தனியே போய், மகனோடு சேர்ந்து, நிஜத் தோட்டா போடும் மலிவு விலை ரைஃபிள்களைச் செய்தார். வீடு வீடாகப் போய்ச் சில்லறைச் சாமான் விற்கும் பையன்களுக்கு அவை பரிசாகக் கிடைத்தன.

வின்செஸ்டர் கம்பெனி விடுமா? ஜான் பிரௌனிங்கிடம் வடிவமைப்பை வாங்கி, 1900-இல் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றை இறக்கியது. எடை 3 பவுண்டுக்கும் குறைவு. தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடினால் மட்டும் அது சுடாது. பின்னால் இருக்கும் குமிழைக் கையால் இழுத்து நிறுத்த வேண்டும். அதற்கப்புறம்தான் விசை வேலை செய்யும். இந்தக் குமிழை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நூறு வருடம் கழித்து மறுபடி வரும்.

இந்த ரைஃபிள்களைப் 'பையன்களுடையது' ஆக்கியது அளவைவிட விலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குழல் குட்டை, பாகங்கள் குறைவு, மரம் மலிவு. கட்டை பல மாடல்களில் பெரியவர் கைக்கு நெருக்கமாகவே இருந்தது. அதனால்தான் ரம்பம். விவரமானவர்கள் அறுத்த துண்டைத் தூக்கி எறியாமல் பரண்மேல் போட்டு வைப்பார்கள். பையன் வளர்ந்ததும் திருகாணி போட்டு மறுபடி சேர்த்துவிடலாம், இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

இதற்குள் நாடும் மாறிவிட்டிருந்தது. எல்லைப்புறம் என்று தனியே கோடு போட்டுக் காட்ட இனி இடம் இல்லை என்று 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. வேட்டையை நம்பிச் சாப்பிடும் குடும்பங்கள் குறைந்தன. தேவை குறைந்தால் விற்பனையும் குறைய வேண்டும் அல்லவா? அங்கேதான் புதுப் பேச்சு வந்தது. துப்பாக்கி பையனுக்கு ஒழுக்கம் தரும், நிதானம் தரும், அவனை ஆம்பளையாக்கும். 1903-இல் நியூயார்க்கில் தொடங்கிய பள்ளிகள் விளையாட்டுக் கூட்டமைப்பு, துப்பாக்கி சுடுதலையும் போட்டியாக்கியது. பள்ளி மாணவர்களில் சிறந்த குறிகாரனுக்கு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பாராட்டுக் கடிதம் எழுதினார். 1917-இல், அமெரிக்கா முதல் உலகப்போரில் நுழைந்த ஆண்டில், வின்செஸ்டர் 'ஜூனியர் ரைஃபிள் கார்ப்ஸ்' என்ற சிறுவர் படையைத் தொடங்கியது. சிறுமிகளும் சேரலாம், குறி தவறாதவர்களுக்குப் பதக்கம். பயிற்சியும் விற்பனையும் ஒரே கையால் நடந்தன. இதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயிற்சியில் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்றார். எப்போது சுடுவது, எப்போது இறக்குவது என்பதை அவர்தான் சொன்னார்.

பிள்ளைக்கென்றே அளவெடுத்த ரைஃபிள் பரவலாகக் கிடைக்க ரொம்ப நாள் ஆனது. 1980-களில் ஆரெகன் மாநிலத்திலிருந்து 'சிப்மங்க்' வந்தது. 1996-இல் தொடங்கிய பென்சில்வேனியாவின் கீஸ்டோன் கம்பெனி 'க்ரிக்கெட்'டைக் கொண்டுவந்தது. எடை ஏறக்குறைய இரண்டரை பவுண்ட், விசையிலிருந்து கட்டை முனைக்குப் பதினொன்றரை அங்குலச் சொச்சம். இளஞ்சிவப்பு நிறத்திலும் கிடைக்கும். 'மை ஃபர்ஸ்ட் ரைஃபிள்' என்பது விளம்பர வாசகம். போல்ட்டின் பின்னால் அதே 1900-ஆம் வருடத்துக் குமிழ். ரம்பத்துக்கு இனி வேலை இல்லை.

நான் பென்சில்வேனியாவில் வேலை பார்த்தபோது, மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை பள்ளிகளுக்கு லீவு விட்டிருந்தார்கள். நம் ஊரில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது மாதிரி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒன்பது வயது மகளுக்கு ரைஃபிள் வாங்கப்போனபோது நானும் கூடப் போனேன். அவர் செய்த முதல் வேலை, சுவரில் இருந்த எதையும் எடுக்காமல், மகளின் முழங்கையை மடக்கச் சொன்னது. மடங்கிய முழங்கைக்குள் கட்டையை வைத்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட வேண்டும். "இது ஆரம்பம்தான்" என்றார். அப்புறம் கண். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார். எந்தக் கண் முந்துகிறது என்று இப்படித் தெரிந்துவிடும். வலதுகைப் பிள்ளைக்கு இடதுகண் முந்தினால் எந்தத் தோளில் வைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டுமாம்.

அன்று எனக்கு ரொம்பப் புதிதாக இருந்தது விசையைப் பற்றி அவர் சொன்னதுதான். துப்பாக்கியின் எடை இரண்டரை பவுண்ட், விசையை இழுக்க ஐந்து பவுண்ட் பலம் வேண்டும் என்றால், பிள்ளை விசையை இழுக்கிறாளா, துப்பாக்கியையே இழுக்கிறாளா? இறகு மாதிரி இருந்தாலும் தொல்லை, இரும்பு மாதிரி கனத்தாலும் தொல்லை. குமிழை இழுக்கும் வகை பாதுகாப்பானது என்பார்கள். ஆனால் சின்ன விரல்களுக்கு அது கடினம். இழுத்துவிட்டுச் சுடாமல் இறக்க நினைத்தால், குமிழைப் பிடித்துக்கொண்டே விசையை அழுத்த வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். சாவேஜ் கம்பெனியின் 'ராஸ்கல்'லில் போல்ட்டைத் தூக்கும்போதே தயாராகிவிடும், விசையைத் தொடாமலே தோட்டாவை வெளியே எடுக்கலாம். எது நல்லது? "பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றார். ஒற்றைத் தோட்டா என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றைச் சுட்டால் நிறுத்தி யோசிக்க வேண்டும். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, ஈயம் பட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்ற பட்டியல் வீடு வரை நீண்டது.

2013 ஏப்ரல் கடைசியில், கென்டக்கி மாநிலத்தின் கிராமப்புற வீடு ஒன்றில், ஐந்து வயதுச் சிறுவன் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். குழந்தை இறந்துபோனது. அவனுக்கு முந்தைய வருடம் பரிசாக வந்த க்ரிக்கெட் ரைஃபிள் அது. வீட்டு மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள், உள்ளே ஒரு தோட்டா இருந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அந்தத் துப்பாக்கி அவன் கைக்குப் பொருத்தமானதாகத்தான் இருந்தது.

இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் அறுத்த கட்டைகள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. பெரிய துப்பாக்கி பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருந்ததே ஒருவகைப் பூட்டு. நல்ல பூட்டு என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்திலும் விபத்துகள் நடந்தன, அளவில்லாத துப்பாக்கியே சில விபத்துகளுக்குக் காரணம். ஆனாலும் ரம்பத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு தகப்பன், இவனுக்கு நேரம் வந்துவிட்டதா என்று ஒரு தடவையாவது நின்று யோசித்தாக வேண்டும். ஐந்து வயதுக்கும் பொருந்தும் ரைஃபிள் கடையில் தொங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமலே வாங்கிவிட முடிகிறது.

சட்டம் அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்கவில்லை. 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ரைஃபிள் விற்க முடியாது. ஆனால் ஒரு பிள்ளை ரைஃபிள் வைத்திருக்க, நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. அப்பா வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பிள்ளைகள் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டுவைப்பதைக் குற்றமாக்கிய முதல் மாநிலம் ஃப்ளாரிடா, 1989-இல். சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன, பல தொடரவில்லை. 2020-இல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானவர்கள் இறந்த காரணங்களில் துப்பாக்கி, சாலை விபத்துகளையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. அதில் பெரும்பகுதி கொலையும் தற்கொலையும்தான், விபத்துகள் சிறு பங்கு. ஆனால் வீட்டில் பூட்டாமல் கிடக்கும் துப்பாக்கி தற்கொலைக்கும் கைகொடுக்கிறது.

என் நண்பரிடம் கென்டக்கி சம்பவத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் துப்பாக்கிக்காக வாதாடவில்லை. மகளுடைய ரைஃபிள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, போல்ட் கழற்றப்பட்டு வேறு அலமாரியில், தோட்டா மூன்றாவது இடத்தில் என்றார். "அவளுக்கு மூன்று இடமும் தெரியும். சாவி எங்கே என்று மட்டும் தெரியாது."

அன்று கடையில் அவர் வாங்கிய ரைஃபிளின் கட்டைக்குள் அடுக்கடுக்காகச் சேர்க்க மூன்று பிளாஸ்டிக் தகடுகளும் கூட வந்தன. மகள் வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்த்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ரம்பம் வெட்டிக் குறைத்த வேலையை இப்போது தகடு கூட்டிச் செய்கிறது. அடுத்த தகடு எப்போது என்று மகள் கேட்டாள். "நான் அளந்து பார்த்துச் சொல்றேன்" என்றார்.